மைட்டர் வாளா, ரேடியல் ஆர்ம் வாளா? திருகோணமலை மரவேலைக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மரவேலைத்தளத்துக்கு மின்வாள் வாங்கப் புறப்படும் பலர் கடைக்குள் போன பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அங்கே கண்ணில் படுவது மைட்டர் வாள். கடைக்காரரும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். இன்னொரு பக்கம், கனடாவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில், "இஞ்ச ஒரு பழைய ரேடியல் ஆர்ம் வாள் மலிவாக் கிடக்கு, கொள்கலனில போட்டு விடட்டா?" என்று கேட்கிறார். இரண்டுமே மரத்தைக் குறுக்காகத் தறிக்கும் இயந்திரங்கள்தான். ஆனால் மரத்துக்குள் இறங்கும் விதமும், இடத்தைப் பிடிக்கும் விதமும், பராமரிப்புக் கேட்கும் விதமும் வேறு வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் கதவு, யன்னல், கூரை, தளபாடம் என்று எல்லாவற்றையும் கலந்து செய்யும் ஒருவருக்கு முதல் வாள் ஸ்லைடிங் மைட்டர் வாளாகவே இருக்க வேண்டும். ரேடியல் ஆர்ம் வாள், நிலையான கட்டடமும், ஒரே மாதிரி மூட்டுகளை நாள்தோறும் வெட்டும் வேலையும், இயந்திரத்தைச் சரிபார்த்துச் சரிபார்த்து வைத்திருக்கும் பொறுமையும் உள்ளவருக்கு உரியது. ஏன் அப்படிச் சொல்கிறேன், எந்த இடத்தில் இந்த முடிவு மாறலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டும் மரத்தை அறுக்கும் விதம்

ரேடியல் ஆர்ம் வாள் வயதில் மூத்தது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரேமண்ட் டிவால்ட் என்பவர் 1920களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார். இன்று மஞ்சள் நிறக் கருவிகளில் நாம் பார்க்கும் டிவால்ட் என்ற பெயர் அவருடையதுதான். மேசையின் பின்னால் ஒரு தூண்; தூணின் மேல் முன்னோக்கி நீளும் ஓர் இரும்புக் கை; அந்தக் கையில் தொங்கியபடி ஓடும் மோட்டார்; மோட்டாரின் அச்சிலேயே நேரடியாகப் பூட்டிய பிளேட். மரம் அசையாமல் மேசையில் கிடக்கும். வாளைத்தான் உங்கள் பக்கம் இழுக்கிறீர்கள். கையைத் திருப்பினால் சாய்வெட்டு. மோட்டாரைச் சரித்தால் பக்கச்சரிவு. கையை மேலே உயர்த்தி, பிளேட்டை மேசை வரை இறக்காமல் விட்டால் மரத்தில் தவாளிப்பு, அதாவது நீள் பள்ளம்.

மைட்டர் வாள் 1960களில் வந்தது. கைவாளையும் மரப்பெட்டியையும் வைத்து 45 பாகை வெட்டிய வேலையை மின்சாரத்துக்கு மாற்றியதுதான் அது. சாதாரண மைட்டர் வாளில் மோட்டாரும் பிளேட்டும் சேர்ந்த தலை மேலிருந்து கீழே இறங்கும், அவ்வளவுதான். ஸ்லைடிங் வகையில் தலை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடுவதால் அகலமான பலகையையும் வெட்டலாம்.

இங்கே ஒரு விடயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ரேடியல் ஆர்ம் வாளில் பிளேட்டின் பற்கள் மரத்தைக் கீழேயும், மரம் சாய்ந்து நிற்கும் பின்பலகைப் பக்கமும் தள்ளியபடி சுழலும். அதன் எதிர்விளைவாக வாள் உங்கள் பக்கம் ஓடிவரப் பார்க்கும். நீங்களும் அதே திசையில்தான் இழுக்கிறீர்கள். மலைவேம்பு போன்ற இலேசான மரத்தில் இது பெரிதாகத் தெரியாது. முதிரையில் தெரியும். முதிரையின் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், பாதி வெட்டில் பிளேட் திடீரென மரத்தின் மேல் ஏறி, தலை கையை மீறி முன்னுக்கு வரும். அந்த நேரத்தில் இழுப்பதை விட்டு, முழங்கையை மடக்காமல் நேராக வைத்து, வாளைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். ரேடியல் வாளில் உங்கள் வலது கையின் உண்மையான வேலை இந்தத் தடுப்புத்தான்.

ஸ்லைடிங் மைட்டர் வாளில் வரிசை மாறும். தலையை முதலில் வெறுமனே முன்னுக்கு இழுக்கிறீர்கள், பிறகு கீழே அழுத்துகிறீர்கள், அதன் பின் பின்பலகைப் பக்கம் தள்ளி அறுக்கிறீர்கள். தள்ளும் திசை பிளேட் ஏறப் பார்க்கும் திசைக்கு எதிரானது. ஆகவே அது உங்கள் கையை மீறி ஓடாது. புதிதாகத் தொழில் பழகும் தம்பிமார் நிற்கும் வேலைத்தளத்தில் இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கப் போதும் என்பது என் எண்ணம்.

முதற்படி: எதை வெட்டப் போகிறீர்கள்?

ஒரு கொப்பியை எடுத்து, கடந்த சில வேலைகளில் செய்த வெட்டுகளை எழுதுங்கள். வேலையின் பெயரை விட்டுவிட்டு, வெட்டின் வகையை எழுதுங்கள். இத்தனை அங்குல அகலப் பலகையைக் குறுக்காகத் தறித்தது, சட்டத்துக்கு 45 பாகை, கைமரத்தின் நுனிக்குச் சாய்வு, நிலைக்குக் கழுந்து (துளைக்குள் செருகும் முனை), பலகையை நீளவாட்டில் பிளந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள்.

எழுதியதில் நீளவாட்டுப் பிளப்பு அதிகமாக இருந்தால் நீங்கள் தேடுவது இந்த இரண்டில் எதுவுமில்லை; உங்களுக்குத் தேவை மேசைவாள். மைட்டர் வாளால் நீளவாட்டில் அறுக்கவே முடியாது. ரேடியல் ஆர்ம் வாளின் மோட்டாரை 90 பாகை திருப்பி நீளவாட்டிலும் அறுக்கலாம் என்று அதன் கையேடுகள் சொல்லும். அந்த இயந்திரத்தில் விரல் போகும் வேலைகளில் முதன்மையானது அதுதான். பிளேட் மேலே இருந்து மரத்தைத் தூக்கும். தவறான பக்கத்திலிருந்து மரத்தைக் கொடுத்தால் மரத்தோடு கையையும் இழுத்துக்கொண்டு போகும். முதிரையையும் பாலையையும் அப்படி அறுக்க யாருக்கும் நான் சொல்லித்தர மாட்டேன். மரக்காலையில் மரம் வாங்கும்போதே அளவுக்குப் பிளந்து வாங்கிவிடுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

மாறாக, கதவு நிலைகளும் யன்னல் நிலைகளும்தான் உங்கள் பிழைப்பு என்றால், கழுந்து வெட்டுவதும், பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்தும் மூட்டுகளும் நிறைய வரும். அந்த இடத்தில் ரேடியல் ஆர்ம் வாள் உண்மையிலேயே வல்லது. பிளேட்டைத் தேவையான ஆழத்தில் நிறுத்தி, நிலைக்கட்டையை ஒரு பிளேட் தடிப்பளவு நகர்த்தி நகர்த்தி இழுத்தால் கழுந்தின் கன்னம் சீராக வெளிவரும். வெட்டு உங்கள் கண் முன்னால் நடக்கிறது. கோட்டைப் பார்த்துக்கொண்டே வெட்டலாம். ஸ்லைடிங் மைட்டர் வாள்கள் பலவற்றிலும் ஆழத்தை நிறுத்தும் திருகு உண்டு. ஆனால் அழுத்தும்போது தலை சற்றே வளையும். தவாளிப்பின் அடி முழுநீளத்துக்கும் ஒரே ஆழமாக வராது. பின்பலகைக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு மிச்சமும் நிற்கும். பின்பலகைக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கட்டையை வைத்து மரத்தை முன்னுக்குத் தள்ளினால் அந்த மிச்சம் போய்விடும்.

இரண்டாம் படி: அகலமும் தடிப்பும்

10 அங்குல பிளேட் போட்ட சாதாரண மைட்டர் வாள், நேர்வெட்டில் ஏறத்தாழ 130 மில்லிமீற்றர் அகலம்தான் வெட்டும். 5 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 பாகைக்குத் திருப்பினால் அது இன்னும் குறையும். 4க்கு 2 கைமரத்துக்கும், சலாகைக்கும், சட்டங்களுக்கும் இது போதும். படிக்கட்டுப் பலகைக்கோ அலுமாரித் தட்டுக்கோ போதாது.

அதே 10 அங்குல பிளேட் ஸ்லைடிங் வகையில் சுமார் 300 மில்லிமீற்றர், அதாவது ஓரடி வரை போகும். தடிப்பில் 90 மில்லிமீற்றர் அளவு எதிர்பார்க்கலாம். 10 அங்குல ரேடியல் ஆர்ம் வாளும் குறுக்குவெட்டில் ஓரடியைத் தாண்டும். மாதிரியைப் பொறுத்து 15 அங்குலம் வரைகூடப் போகும். ஆனால் தடிப்பில் 3 அங்குலத்தோடு நின்றுவிடும். மோட்டார் பிளேட்டின் அச்சிலேயே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். மோட்டாரின் அடிப்பாகம் மரத்தில் முட்டக்கூடாது என்பதால் பிளேட்டின் பாதி விட்டம் முழுவதும் பயனுக்கு வராது.

நம்மூர்க் கணக்கில் இது எங்கே இடிக்கும் என்று பாருங்கள். 4க்கு 3 நிலைக்கட்டையை 3 அங்குலப் பக்கம் செங்குத்தாக இருக்கும்படி படுக்கவைத்தால் ரேடியல் வாள் ஒரே இழுப்பில் மட்டுமட்டாகத் தறிக்கும். 4க்கு 4 தூணை 10 அங்குல வாள் எதுவும் ஒரே வெட்டில் முடிக்காது; புரட்டிப் போட்டு இரண்டு வெட்டாக வெட்ட வேண்டும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகளுக்கு முன்விறாந்தைத் தூண்களையும் பந்தல்களையும் செய்து கொடுப்பவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. அவர்கள் 12 அங்குல மைட்டர் வாளை யோசிப்பது நல்லது.

மூன்றாம் படி: இடம்

சாதாரண 10 அங்குல மைட்டர் வாள் 11 முதல் 15 கிலோ. ஸ்லைடிங் வகை 20 முதல் 30 கிலோ. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தம்பலகாமத்துக்கோ மூதூருக்கோ போய், வீட்டுக்காரரின் முற்றத்தில் இறக்கி, கூரை வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். ரேடியல் ஆர்ம் வாள் தாங்கியோடு சேர்த்துப் பார்த்தால் நூறு கிலோவுக்குக் கிட்ட வரும். நிறுத்திய இடத்தில் அது நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை தூக்கி நகர்த்தும்போதும் சதுரம், அதாவது சரியான 90 பாகை, குலையும். வேலையின் பாதியாவது வெளியிடத்தில் நடக்கிறதென்றால் இதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை: மைட்டர் வாள்தான்.

வேலைத்தளத்துக்குள் மட்டும் வேலை என்றால் ரேடியல் வாளுக்கு ஒரு சாதகம் உண்டு. அதைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம்; பின்னால் இடம் வேண்டாம். பல ஸ்லைடிங் மைட்டர் வாள்களில் தண்டவாளம் பின்பக்கம் நீளும் என்பதால், மேசை சுவரிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி நிற்க வேண்டிவரும். உவர்மலையிலும் பாலையூற்றிலும் வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டிலில் வேலை செய்பவருக்கு அந்த ஓரடியும் பெரிய இடம்தான். வாங்கும் முன் நிலத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு கீறிப் பாருங்கள். எந்த வாளானாலும் இரண்டு பக்கமும் மரம் கிடக்க இடம் வேண்டும். 12 அடிக் கைமரத்தின் நடுவில் வெட்டினால் இடமும் வலமும் ஆறாறு அடி.

நான்காம் படி: மின்சாரம்

வெளிநாட்டிலிருந்து வரும் வாளில் அதிகம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். ஜப்பானில் 100 வோல்ற். ஜப்பானில் பாவித்து இங்கே வரும் மைட்டர் வாள்கள் பார்க்க அழகாகவும் விலை குறைவாகவும் இருக்கும். அதை நேரே நமது செருகியில் செருகினால் மோட்டார் கருகிவிடும். மோட்டாரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

மைட்டர் வாள்களில் பெரும்பாலும் இருப்பது காபன் பிரஷ் உள்ள மோட்டார். அதற்கு 50 ஹேட்ஸ், 60 ஹேட்ஸ் வேறுபாடு கிடையாது. வோல்ற் அளவைச் சரியாகக் கொடுத்தால் போதும். ட்ரான்ஸ்போமர் வைப்பதென்றால் வாளின் வொட் அளவைப் போல இரு மடங்கு தாங்கக்கூடியதாக வாங்குங்கள். தொடங்கும் நேரத்தில் மோட்டார் பல மடங்கு மின்னை இழுக்கும்.

ரேடியல் ஆர்ம் வாளில் இருப்பது பொதுவாகப் பிரஷ் இல்லாத தூண்டல் மோட்டார். சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் அதன் வேகம் ஹேட்ஸ் அளவில் கட்டுண்டது. 60 ஹேட்ஸில் நிமிடத்துக்கு 3450 சுற்றுச் சுற்றுவது நமது 50 ஹேட்ஸில் 2850க்குப் பக்கத்தில் சுற்றும். ஆறில் ஒரு பங்கு வேகம் போய்விடும். வோல்ற்றைக் குறைக்காமல் அப்படியே கொடுத்தால் மோட்டார் வழக்கத்தை விடச் சூடும் ஆகும். பழைய அமெரிக்க வாள்களில் பல, இணைப்பை மாற்றி 240 வோல்ற்றிலும் ஓட்டக்கூடியவை. அதைப் பார்த்துவிட்டு "அப்ப இஞ்ச சரிதானே" என்று மகிழ்ந்துவிட வேண்டாம். 60 ஹேட்ஸுக்குச் சுற்றிய மோட்டார், நாள் முழுவதும் பாலைக்கட்டை அறுக்கும் சூட்டை இங்கே தாங்காது. அவுஸ்திரேலியாவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வருவதென்றால் இந்தத் தொல்லை இல்லை. அங்கேயும் 50 ஹேட்ஸ்தான்.

வயர் விடயத்தையும் சொல்ல வேண்டும். வெளியிடத்தில் சுருள் வயரில் வாளை ஓட்டும்போது சுருளை முழுவதுமாக விரித்துவிடுங்கள். சுருட்டியபடி விட்டால் உள்ளே சூடேறி உறை உருகும். 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்த வயர் வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாத வீட்டில் வாளைச் செருகவே வேண்டாம்.

ஐந்தாம் படி: வாங்கும்போது கையால் பார்ப்பது

மைட்டர் வாளில்: தலையை முன்னுக்கு முழுவதும் இழுத்துவிட்டு, கைப்பிடியை இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். தண்டவாளத்தில் ஆட்டம் தெரிந்தால் அந்த வாள் அகலமான பலகையில் நேராக வெட்டாது. அந்த ஆட்டத்தைப் பிறகு இறுக்கி எடுக்க முடியாத மாதிரிகள் பல உண்டு. 0, 45 குறிகளில் மேசை ‘டக்’ என்று விழுந்து உறுதியாக நிற்க வேண்டும். பின்பலகையின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நேர்விளிம்பை வைத்துப் பாருங்கள். சுவிட்சை விட்டதும் பிளேட் சில விநாடிகளில் நிற்கும் மின்தடுப்பு இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் காசு கொடுக்கலாம்.

பாவித்த ரேடியல் ஆர்ம் வாளில் பார்க்க வேண்டியது அதிகம். கையின் நுனியைப் பிடித்து உடம்பின் பலத்தோடு பக்கவாட்டில் தள்ளுங்கள். தூண் அதன் இருக்கையில் ஆடினால் அந்த வாளில் எந்தச் சதுரமும் நிற்காது. மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டும்போது ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் தண்டவாளம் நடுவில் தேய்ந்திருக்கிறது என்று பொருள். உறவினர் அனுப்புவது சியர்ஸ் கடைகளில் விற்ற கிராப்ட்ஸ்மன் வாளாக இருந்தால், அதன் பிளேட் மூடியைக் கவனியுங்கள். 1958 முதல் 1992 வரை விற்பனையான அந்த வாள்களில் சுமார் 37 இலட்சத்தை, பிளேட்டை முழுமையாக மூடும் காவல் இல்லை என்பதற்காக 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். புதிய மூடி மாட்டப்படாத ஒன்றை இங்கே இறக்குவதில் நியாயமில்லை.

உதிரிப்பாகத்தையும் யோசியுங்கள். மைட்டர் வாளுக்குக் காபன் பிரஷ்ஷும் சுவிட்சும் பட்டணத்துக்குள்ளேயே அகப்படும். இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துசேரும். ரேடியல் ஆர்ம் வாள் செய்யும் கம்பனிகள் உலகத்திலேயே இன்று மிகச் சில. அதன் ஒரு பாகம் உடைந்தால் லேத் பட்டறையில் கடைந்து எடுக்கத்தான் வேண்டும்.

ஆறாம் படி: பிளேட்

நல்ல வாளில் தவறான பிளேட்டைப் போடுவதை விட, சுமாரான வாளில் சரியான பிளேட்டைப் போடுவது மேல். இரண்டு வகை வாளுக்கும் பல்லின் முன்சாய்வு பூச்சியத்துக்குக் கிட்டவோ, சற்றுப் பின்சாய்ந்தோ இருக்க வேண்டும். +5 முதல் −5 பாகை வரை என்று பிளேட்டில் எழுதியிருக்கும். மேசைவாளுக்கு வரும் பிளேட் 15, 20 பாகை முன்சாய்ந்திருக்கும்; அது மரத்தைக் கொத்தி இழுக்கும். மேசைவாள் பிளேட்டை ரேடியல் வாளில் மாட்டுவது, தானாக ஓடிவரப் பார்க்கும் இயந்திரத்தை இன்னும் ஏவிவிடுவதுதான்.

10 அங்குலத்தில் பொது வேலைக்கு 40 பல், தளபாடத்துக்கும் சட்டத்துக்கும் 60 பல் அல்லது அதற்கு மேல். முதிரை, பாலை, சமண்டலை போன்ற வைரமான மரத்துக்குப் பல்லின் நுனியில் காபைட் என்ற மிகக் கடினமான பொருள் ஒட்டிய பிளேட்டே வேண்டும். உலக மரச்சந்தையில் சமண்டலைக்கு ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர். அந்த மரத்தைக் கருக்கிய முனையோடு வேலையில் வைப்பது நம்மூர்க்காரருக்கு அழகல்ல. வெட்டு முனை கருகினால் வாளைக் குறை சொல்லுமுன் பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள். பல்லின் பக்கங்களில் பிசின் கட்டியாக ஒட்டியிருக்கும். சவர்க்கார நீரில் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

நடுத்துளையை அளக்க மறக்க வேண்டாம். 25.4, 30 மில்லிமீற்றர் இரண்டும் கடைகளில் கலந்து கிடக்கின்றன. அமெரிக்க 10 அங்குல வாள்களுக்கு 15.9. பெரிய துளைக்கு வளையம் போட்டுச் சிறிதாக்கலாம். சிறிய துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கக் கூடாது. நடு விலகி பிளேட் ஆடும்.

ஏழாம் படி: சதுரம் பிடித்தல்

மைட்டர் வாளுக்கு இது அரைமணி வேலை. செருகியைக் கழற்றிவிட்டு, மூலைமட்டத்தைப் பின்பலகையில் ஒட்டிப் பிளேட்டின் உடம்பில் தொடச் செய்யுங்கள். பல்லில் தொடக்கூடாது, பற்கள் மாறி மாறி வெளியே நிற்பதால் அளவு பொய் சொல்லும். பிறகு மேசைக்கும் பிளேட்டுக்கும் அதேபோலப் பாருங்கள்.

மூலைமட்டத்தை நம்பி நிற்காமல் வெட்டிப் பாருங்கள். ஓரடி அகலமுள்ள, இரண்டு ஓரமும் இணையாகச் சீவிய பலகை ஒன்றை நடுவில் வெட்டுங்கள். இரண்டு துண்டையும் தட்டையான மேசையில் வைத்து, வலத்துண்டை மட்டும் அடிப்பக்கம் மேலே வரும்படி புரட்டி, வெட்டிய முகங்களை மறுபடி ஒட்டுங்கள். பின்னோரங்கள் இரண்டும் ஒரே நேர்விளிம்பில் சாய்ந்திருக்க வேண்டும். இப்போது இரு முகங்களுக்கும் நடுவில் வெளிச்சத்தைத் தேடுங்கள். ஒரு மூலையில் ஒட்டி மறு மூலையில் விலகினால், அந்த இடைவெளி உண்மையான பிழையின் இரு மடங்கு. ஓரடிப் பலகையில் 1 மில்லிமீற்றர் விலகல் தெரிந்தால் வாள் பாகையில் பத்தில் ஒரு பங்கு அளவு பிழைக்கிறது. அதைக் கண்ணால் வாளில் பார்க்க முடியாது. இப்படிப் புரட்டிப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடதாசி ஒன்றும் நுழையாத வரை திருகுங்கள்.

ரேடியல் ஆர்ம் வாளுக்கு ஒழுங்குமுறை முக்கியம். முதலில் தூணின் ஆட்டத்தை இறுக்குங்கள். அடுத்தது மேசை, வாள் ஓடும் பாதைக்கு எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் இருக்கச் செய்தல். மூன்றாவதாகக் கையின் ஓட்டம் பின்பலகைக்குச் செங்குத்தா என்று பார்த்தல். நான்காவது பிளேட் மேசைக்கு நிமிர்ந்து நிற்கிறதா என்பது. கடைசியாக, பிளேட் தான் ஓடும் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்பது. இந்தக் கடைசிப் பிழை இருந்தால் வெட்டிய முகத்தில் வளைந்த கீறல்கள் வரிசையாகத் தெரியும். பிளேட்டின் பின்பற்கள் திரும்பவும் மரத்தை உரசிய தடயம் அது. முன்னையதைச் சரியாக்காமல் பின்னையதைத் தொட்டால் மறுபடி தொடக்கத்துக்கே வரவேண்டியிருக்கும்.

இங்கேதான் நம்மூர்க் காலநிலை குறுக்கிடுகிறது. ரேடியல் வாளோடு வரும் மேசை அழுத்திய மரத்தூள் பலகை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் தொடங்கியதும் அது ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பியது மீண்டும் பழைய தட்டைக்கு வராது. மேசை போனால் மேலே சொன்ன ஐந்து சரிபார்ப்பும் போச்சு. கொண்டுவந்த மேசையைக் கழற்றிவிட்டு, படகு வேலைக்குப் பாவிக்கும் நீர் தாங்கும் ஒட்டுப்பலகையை இரண்டு தடிப்பாக ஒட்டிப் போடுங்கள். ஆறு பக்கமும், திருகுத் துளைகளின் உள்ளும் வார்னிஷ் பூசுங்கள். மேலே மெல்லிய பலகை ஒன்றை வெட்டுப்படுவதற்கென்றே வைத்து அவ்வப்போது மாற்றலாம். மைட்டர் வாளின் மேசை வார்த்த அலுமினியம் என்பதால் மழையோ கச்சான் காற்றோ அதை வளைக்காது. நான் மைட்டர் வாளின் பக்கம் சாய்வதற்கு இது பெரிய காரணம்.

எட்டாம் படி: மரத்தைப் பிடிக்கும் கை

பிளேட் போகும் கோட்டிலிருந்து இடமும் வலமும் ஒரு சாண் தூரத்துக்குக் கை வரவே கூடாது. மேசையில் சிவப்பு மையால் கோடு கீறி வையுங்கள். அந்தக் கோட்டுக்குள் பிடித்தால்தான் நிற்கும் என்ற அளவு சின்னத் துண்டைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், அல்லது கைவாளால் அறுங்கள். கையைக் குறுக்கே மாற்றி, இடக்கையால் வலப்பக்கத்து மரத்தைப் பிடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை முதல் நாளே நிறுத்த வேண்டும்.

வளைந்த மரமென்றால் வில்லின் புடைத்த பக்கம் பின்பலகையைத் தொடட்டும். குழிந்த பக்கத்தை வைத்தால் வெட்டு முடியும் தருவாயில் மரம் மடங்கிப் பிளேட்டை நெரிக்கும். பனங்கைமரங்களில் இது அடிக்கடி நடக்கும். அவை நேராக வருவது குறைவு. பனைக்கு இன்னொரு குணம்: நார் ஊசியாக எழும்பும். முனையைத் தடவிப் பார்க்க வேண்டாம்.

பிளேட் முழு வேகத்துக்கு வந்த பிறகே மரத்தைத் தொடட்டும். வெட்டு முடிந்ததும் மைட்டர் வாளில் தலையைக் கீழேயே வைத்துச் சுவிட்சை விட்டு, பிளேட் நின்ற பின் தூக்குங்கள். சுற்றும் பிளேட்டைத் தூக்கினால் சின்னத் துண்டு பறக்கும். ரேடியல் வாளில் வெட்டு முடிந்ததும் தலையைப் பின்னால் தூணுக்குத் தள்ளிவிட்டே மரத்தை எடுங்கள். மேசையின் முன்பக்கம் இலேசாக உயர்ந்திருந்தால் தலை தானாக முன்னுக்கு உருளாது.

ஒரே நீளத்தில் பல துண்டு வேண்டுமானால் பின்பலகையில் ஒரு தடைக்கட்டையைக் கிளாம்ப் போடுங்கள். அதன் அடிமூலையைச் சிறிது சீவிவிடுங்கள். அந்த இடுக்கில் மரத்தூள் ஒதுங்கும். இல்லாவிட்டால் தூள் சேரச் சேரத் துண்டுகள் மில்லிமீற்றர் மில்லிமீற்றராகக் குறைந்துகொண்டே போகும்.

கையுறை வேண்டாம், பிளேட் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் கட்டாயம். சாரத்தோடு நின்று வேலை செய்வதும், தொங்கும் சட்டை போடுவதும் வாளருகே ஆகாது.

தூளும் உப்பும்

முதிரைத் தூள் பலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் கொடுக்கும். அதை விடப் பெரியது, வைரமரத் தூள் மூக்கினுள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருப்பது. மூக்கில் கைக்குட்டை கட்டினால் போதாது. நுண்தூள் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். இரண்டு வாளுமே தூளைச் சேகரிப்பதில் மோசம். ரேடியல் வாளின் தூள் பெரும்பாலும் பின்பலகைக்கு மேலாகப் பின்னால் பாயும் என்பதால், அங்கே ஒரு பெட்டி அடித்து உறிஞ்சு குழாயைப் பொருத்தினால் ஓரளவு அடங்கும். மைட்டர் வாளோடு வரும் துணிப்பை பாதியைக் கூடப் பிடிப்பதில்லை. வாளைக் காற்றுப் போகும் திசையில் வாசலோரம் வைப்பது அதை விடப் பலன் தரும்.

கடலுக்குக் கிட்ட இருக்கும் வேலைத்தளத்தில் உருக்குத் தண்டவாளமும் தூணும் ஒரு மாரியிலேயே கறள் பிடிக்கும். எண்ணெய் பூசினால் தூள் அதில் ஒட்டிப் பசையாகி ஓட்டத்தை இறுக்கும். துடைத்துக் காயவிட்டு, மெழுகை மெல்லிதாகப் பூசி, துணியால் மினுக்கிவிடுங்கள். மாரிக்கு முன் ஒரு முறை, மழை நாட்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இரவில் மூட பிளாஸ்திக் விரிப்பு வேண்டாம், உள்ளே வேர்த்து நீர் சொட்டும்; பருத்திச் சாக்கோ பழைய போர்வையோ போதும். சில நாள் பாவிக்காமல் விட்ட வாளென்றால், முதல் மரத்தை வைக்குமுன் புரட்டிப் பார்க்கும் அந்த வெட்டை ஒரு தடவை வெட்டிப் பாருங்கள்.